பட்டாடையைக் களைந்த பிறகு

1965 மார்ச் 7 அன்று ரோமின் ‘அனைத்துப் புனிதர்கள்’ பங்குக்கோவிலில் திருத்தந்தை ஆறாம் பவுல் பெரும்பகுதி இத்தாலிய மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றினார். பீடத்தில் குரு லத்தீனில் முணுமுணுக்க, மக்கள் தம் பாட்டுக்குச் செபமாலை உருட்டிய காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. நம் பாட்டிமார் அந்நாளில் ‘பூசை காண’ப் போனார்கள், பேரப்பிள்ளைகள் ‘திருப்பலியில் பங்கேற்கிறார்கள்’. மாற்றத்தின் நியாயம் முழுவதும் இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் அடங்கும்.

லத்தீனும் ஒரு காலத்தில் சந்தை மொழிதான். ரோமில் முதலில் வழிபாடு கிரேக்கத்தில் நடந்தது. அது மக்களுக்குப் புரியாமல் போகவே 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் வந்தது. லத்தீன் திருப்பலியிலும் ‘கீரியே எலெய்சோன்’ கிரேக்கத்திலேயே ஒலித்தது.

மாற்றம் நடந்த விதம்தான் உறுத்துகிறது. 1963 டிசம்பரில் 2,147 வாக்குகளுக்கு 4 என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவேற்றிய வழிபாடு பற்றிய ஏடு, லத்தீனைக் கைவிடச் சொல்லவே இல்லை. அதன் 36-ஆம் எண் லத்தீனைக் காக்கச் சொல்லிவிட்டுத்தான் மக்கள் மொழிக்கு இடம் விடுகிறது. 116-ஆம் எண் கிரகோரியன் இசைக்கு முதன்மை தருகிறது. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான கோவில்களில் இரண்டும் காணாமல் போயின. சலுகையாக வந்தது சட்டமாகிவிட்டது.

1969 நவம்பரில், புதிய திருப்பலி முறை நடைமுறைக்கு வரச் சில நாள் இருக்கையில், பவுலே இழப்பை ஒப்புக்கொண்டார். செபம் உடுத்தியிருக்கும் பட்டாடையைவிட அது புரிவதே பெரிது என்பது அவர் வாதம். அழகான உவமைதான். ஆனால், மொழி வெறும் ஆடையா? ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் உள்ளே உடம்பு அப்படியே இருக்குமா?

ஆங்கில வழிபாட்டின் கதை ‘இல்லை’ என்கிறது. சொல்லைவிடக் கருத்தே முக்கியம் என்று 1969-இல் ரோம் வழிகாட்டியது. அதன்படி 1973-இல் வந்த மொழிபெயர்ப்பு எளிமையாக இருந்தது, கொஞ்சம் வெளிறியும் போயிற்று. குருவின் வாழ்த்துக்கு மக்கள் சொல்லும் மறுமொழி லத்தீனில் ‘உம் ஆவியோடும்’ என்று பொருள்படும். பிரெஞ்சும் ஜெர்மனும் அந்த ஆவியை விடவில்லை. ஆங்கிலம் ‘உம்மோடும்’ என்று சுருக்கிவிட்டது. தூய ஆவி பனியாய் இறங்கும் அழகிய படிமமும் போயிற்று. ஆங்கிலம் பேசும் நாடுகளின் ஆயர்கள் பல ஆண்டு உழைத்து 1998-இல் முடித்த திருத்தத்தை 2002-இல் ரோம் நிராகரித்தது. இடையில், 2001-இல், விதியே தலைகீழாகியிருந்தது: இனி சொல்லுக்குச் சொல். 2011-இல் ஆவியும் வந்தது, பனியும் வந்தது. கூடவே வாயில் நுழையாத ‘கன்சப்ஸ்டான்ஷியல்’ என்னும் லத்தீன் வழிச் சொல் விசுவாச அறிக்கையில் வந்து உட்கார்ந்தது. ஞாயிறுதோறும் லத்தீன் இலக்கணத்தை ஆங்கில எழுத்தில் படிப்பது பழைய நோயின் புதிய முகம்.

லத்தீன் இருந்தவரை பெரும்பாலோர்க்குச் சொல் புரியவில்லை. அதனால் சொல்லுக்காகச் சண்டையும் இல்லை. இப்போது எல்லாருக்கும் புரிகிறது, சண்டையும் வந்துவிட்டது. கிண்ணத்தின்மீது சொல்லப்படும் வார்த்தைகளில் லத்தீன் ‘பலருக்காக’ என்கிறது. தொடக்க காலப் பெயர்ப்புகள் பலவும் ‘எல்லாருக்காக’ என்றன. திருத்துமாறு 2006-இல் வத்திக்கான் எழுதியது. ஆங்கிலம் 2011-இல் திருத்திக்கொண்டது. 2020-இல் வந்த புதிய இத்தாலியத் திருப்பலி நூலோ ‘எல்லாருக்காக’வை மாற்றவில்லை. திருத்தச் சொன்ன ரோமின் பங்குக்கோவில்களிலேயே இன்றும் அதுதான் ஒலிக்கிறது.