காமந்தகியின் தூது: மாலதீமாதவம் பற்றிய ஒரு நோக்கு

வடமொழி நாடகங்களிலே காதலரிடையே தூது செல்லும் பாத்திரங்கள் பல உள. ஆயின், கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவபூதியின் மாலதீமாதவத்தில் வரும் காமந்தகியை அவ்வரிசையில் ஒருத்தியாக மட்டும் எண்ணிவிடுதல் பொருந்தாது. பத்து அங்கங்கள் கொண்ட இந்நாடகத்தின் முன்னுரையிலே சூத்திரதாரனே காமந்தகி வேடத்தை ஏற்கிறான். நாடகத்தை நடத்துபவரும் காதலை நடத்துபவரும் ஒருவரே. இதனைத் தற்செயலென நாம் கருதவில்லை.

கதையின் அடித்தளத்திற் கிடப்பது ஓர் உடன்பாடு. பதுமாவதி அமைச்சன் பூரிவசுவும் விதர்ப்ப நாட்டு அமைச்சன் தேவராதனும் மாணவப் பருவத்திலேயே தம் மக்களுக்கு மணமுடிப்பதென உறுதி பூண்டவர்கள். அதற்குச் சாட்சியாக நின்ற காமந்தகி இப்பொழுது பௌத்தத் துறவி. அரசனோ தன் அன்புக்குரிய நந்தனனுக்கு மாலதியைக் கேட்கிறான். மறுக்க இயலாத பூரிவசு, மன்னனுக்குத் தன் மகள்மீது உரிமையுண்டு என்று இருபொருள்பட விடையிறுக்கிறான். 'தன்' என்பது யாரைச் சுட்டுகிறது என்பதிலேதான் அவனது அரசியல் அடங்கியுள்ளது.

அமைச்சன் வெளிப்படையாகச் செய்யவியலாததைச் செய்யவே துறவி வேண்டப்படுகிறாள். எந்த அந்தப்புரமும் அவளுக்கு அடைப்பதில்லை. குலமகள் பிக்குணியரோடு பழகலாகாதெனக் காமசூத்திரம் எச்சரிப்பதும், துறவுப் பெண்ணை ஒற்றர் வரிசையில் அர்த்தசாத்திரம் சேர்ப்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன. மாதவன் மாலதியின் சாளரத்தின்கீழ் மீண்டும் மீண்டும் நடந்து செல்வதும், மதனவிழாவன்று சோலையில் இருவரும் காண்பதும் அவள் வகுத்தனவே. மாலதி உருகுகிறாள், அவன் உருவை ஓவியமாகத் தீட்டுகிறாள். அவளைப் பொறுத்தவரை அத்தனையும் மெய். பின்னர், தயங்கும் அவளிடம் சகுந்தலை, ஊர்வசி, வாசவதத்தை கதைகளைத் துறவி எடுத்துரைக்கிறாள்; நந்தனனுக்கு மகளைத் தர இசைந்த தந்தையைப் பழிக்கவும் செய்கிறாள். தந்தையைப் பழித்தே தந்தையின் எண்ணம் நிறைவேற்றப்படுகிறது!

நமது அகமரபின் தோழி இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. இருவரும் தூதர் என்றமைதல் எளிது, பயனற்றதுங்கூட. அறத்தொடு நிற்கும் தோழி, தலைவியின் வேட்கையைச் செவிலிக்கு வெளிப்படுத்தி, அதனைக் குடும்பம் ஏற்கும் மணமாக மாற்ற முயல்கிறாள். காமந்தகி எதிர்த்திசையில் இயங்குகிறாள்: குடும்பத்தின் முடிவைப் பெண்ணின் வேட்கையாக மாற்றுகிறாள். முன்னதிலே பெண் மறைத்ததை மூத்தோர் அறியவேண்டும். பின்னதிலே மூத்தோர் மறைத்ததைப் பெண் அறியலாகாது. நிலவுடைமைச் சமூகக் கருத்துநிலை, வற்புறுத்தலின்றி இசைவைப் பெறும் முறையை இதனினும் நுட்பமாகக் காட்டும் நாடகம் அரிது. பவபூதியைக் காதற் சுதந்திரத்தின் கவிஞரென விதந்துரைப்போர் இதற்கு விடைகூறுதல் வேண்டும்.

எனினும், காமந்தகியை வெறும் சூழ்ச்சிக்காரியாகக் கொள்வதற்கும் நாம் உடன்படோம். மாலதிபால் அவள் கொண்ட தாயன்பு பொய்யன்று. அவளை இழந்ததாகக் கருதியபோது உயிர்விடவும் துணிகிறாள். அகோரகண்டன் மாலதியைச் சாமுண்டிக்குப் பலியிட முனையும்போதும், கபாலகுண்டலை அவளைக் கவர்ந்து செல்லும்போதும் துறவியின் திட்டங்கள் எவையும் உதவவில்லை. முன்னதில் மாதவனின் வாளும், பின்னதில் சௌதாமினியின் யோகசித்தியுமே காக்கின்றன. இசைவை உருவாக்க வல்லவள் வன்முறையின் முன் வெறுங்கையள். பழைய உடன்பாடு இறுதி அங்கத்திலேதான் காதலர் அறிய வெளிப்படுத்தப்படுகிறது. அப்பொழுது மாலதி மாதவனின் மனைவி. அரசனின் இசைவும் வந்து சேர்ந்துவிட்டது.