கைநாட்டு யாருடையது?

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் பெண்களின் கணக்கு நோட்டு வெளியே தெரியாது. புதுச்சேரியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டை ஒட்டிக் கிடக்கும் மீனவர் ஊர் அது. கடலரிப்புக்கு வீடுகளைப் பறிகொடுத்து, கருங்கல் கொட்டித் தரச் சொல்லிச் சாலை மறியலில் உட்கார்ந்த ஊர். விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவருக்கு எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, எந்தச் சீட்டில் எத்தனை தவணை கட்டியாயிற்று, எந்தத் தோடு எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். ரசீதும் கிடையாது, சாட்சியும் கிடையாது. நாற்பது வருடம் பிசகாமல் ஓடிய கணக்கு.

அந்தக் கணக்கு இருக்கும் தலைக்குள் மறதி நோய் புகுந்தால் என்ன ஆகும்?

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கொடுத்த கடனை மறக்கிறார்; வாங்காத கடனைத் திருப்பிக் கொடுக்கிறார். சீட்டுக்காரியிடம் இரண்டு தடவை பணம் கட்டிவிட்டு, மூன்றாவது தடவையும் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். மகள் அடுத்த தெருவில் இருக்கிறாள். மகன் வளைகுடாவில். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்ற நிலை வரும்போது, 'ஹோம்' என்ற சொல் முதலில் தொலைபேசியில்தான் எழும். பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் பிள்ளையின் வாயிலிருந்து.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு முதுமை மறதி இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். இல்லத்தில் சேர்ப்பவர்கள் முதலில் விசாரிப்பது மாதக் கட்டணத்தை. ஆனால் கட்டணம் என்று சொல்லப்படும் தொகைக்கு வெளியேதான் பாதிச் செலவு. முன்பணம் தனி, மருந்து தனி, இரவு ஆயா தனி. பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 3,150 ரூபாய். நோய் முற்ற முற்ற அந்த மூன்று ஐந்தாகும்.

அரசின் மனக்கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஜி.எஸ்.டி. விதியைப் பார்க்கலாம். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், சாப்பாடு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. இன்னொரு பக்கம், 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் வாங்கித் தரக்கூடிய உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் 15,000 ரூபாயை யார் போடுவது என்று இரண்டு விதியும் சொல்லவில்லை.

பணம் இருக்கும் வீட்டிலும் சிக்கல் தீர்ந்துவிடாது. அம்மாவின் பெயரில் வைப்புத்தொகை இருக்கிறது, மனைக்கட்டு இருக்கிறது. எடுத்துக் கட்டணம் கட்டலாம். ஆனால் கையெழுத்து?

இங்கேதான் பாக் நீரிணையின் இரு கரைகளும் வேறு வேறு வழியில் போகின்றன.

இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் விதி, உடல் தளர்ந்தவர் விஷயத்தில் தாராளமானது. கையெழுத்துப் போட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். கையும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ஆனால் இது உடம்பு முடியாதவருக்கான ஏற்பாடு. விரல் நன்றாக இருந்து, எதற்கு வைக்கிறோம் என்பதே புரியாதவருக்கு? அதற்கு 2007இல் ரிசர்வ் வங்கி இரண்டு வழி காட்டியது: 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் தரும் காப்பாளர் சான்று, அல்லது தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தரும் சான்று. முதல் சட்டம் 2018இல் போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்குப் பிரதிநிதியை நியமிக்க விடுகிறது. சொத்தை நிர்வகிப்பது பற்றிய பழைய அத்தியாயம் அதில் இல்லை. இரண்டாவது சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முக ஊனம் ஆகியவற்றுக்கானது. எழுபது வயதில் வந்த மறதிக்கு அதில் இடமில்லை. இரண்டு கதவில் ஒன்று இடிந்துபோனது, மற்றது நம் வீட்டுக்கு உரியதே இல்லை.

பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதாதா என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அந்த ஆலோசனையைக் கவிழ்த்துவிடுகிறது: பவர் கொடுத்தவரின் புத்தி தடுமாறினால் பவரும் முடிந்தது. எந்த நாளுக்காக எழுதி வைத்தார்களோ அந்த நாளில் அது வெறும் முத்திரைத்தாள்.

மிச்சமிருப்பது உயர் நீதிமன்றம். 2019இல் கேரள உயர் நீதிமன்றம், கோமாவில் கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க வழிமுறைகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் (புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான்) ஒரு மனைவி, கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்கக் காப்பாளராக்கச் சொல்லிக் கேட்டார். தனி நீதிபதி மறுத்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் மீன்கூடைக்காரியின் மகள் மூன்று லட்ச ரூபாய் வைப்புத்தொகைக்காக ரிட் மனு போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

ஆகவே ஊர் தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. கணக்கில் இன்னொரு பெயரைச் சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று மாற்றிவிடுவது முதல் வழி. அம்மா தெளிவாக இருக்கும்போதே செய்தால் இதைப்போல் உதவுவது வேறில்லை. இரண்டாவது வழியை எல்லோரும் செய்கிறார்கள், யாரும் சொல்வதில்லை: ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே குடும்பத்தின் காப்பாளர். கழுவித் துடைத்துச் சோறூட்டுகிறவள் மகளாகவும், அட்டை வைத்திருப்பவர் மகனாகவும் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு டயப்பர் கட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் விண்ணப்பம் போகும்.

இலங்கையில் அந்த இடிந்த கதவு இன்னும் நிற்கிறது. 1889ஆம் ஆண்டு குடியியல் நடவடிக்கைக் கோவையின் 556ஆம் பிரிவு முதலான பிரிவுகளின்படி, சித்த சுவாதீனம் இழந்தவரின் ஆதனத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றமே முகாமையாளரை நியமிக்கலாம். யாழ்ப்பாணத்து மகள் கொழும்புக்கு ரயிலேற வேண்டியதில்லை. தன் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். காகிதத்தில் இந்தியாவைவிட இது எவ்வளவோ மேல்.

நடைமுறையில் அந்தக் கதவைத் தட்டத்தான் தயக்கம். விசாரணை என்றால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திறந்த மன்றில் நிறுவ வேண்டும். ஊரில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவரை அப்படிச் சொல்லிப் பதிவாக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? அங்கும் குறுக்குவழிதான் ராஜபாட்டை: இணைக் கணக்கு, அல்லது அற்றோணி. பவர் பத்திரத்துக்கு யாழ்ப்பாணம் வைத்திருக்கும் இந்தப் பெயர், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தபாலில் வந்து வந்து வீட்டுப் பெயர்போல் ஆகிவிட்டது. 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படும் அற்றோணிக்கும் தந்தவரின் தெளிந்த புத்திதான் மூச்சு.

வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றதும் பணக் கணக்கு தலைகீழாகிறது. பிள்ளைச்சாவடி வீட்டில் அம்மாவின் சேமிப்பை எடுப்பது எப்படி என்பது கேள்வி. யாழ்ப்பாணத்து வீட்டில் பெரும்பாலும் டொலராகவும் பவுணாகவும் வருவதை எடுத்துச் செலவழிப்பது யார் என்பது கேள்வி. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய்க்குத் தாவியபோது, ஒரே தெருவில் இரண்டு வகை முதியோர் உருவானார்கள். கனடாவிலிருந்து பணம் வருகிறவருக்கு இல்லக் கட்டணம் உயர்ந்தும் சமாளிக்கக்கூடியதாக இருந்தது. உள்ளூர் ஓய்வூதியத்தையும் வங்கி வட்டியையும் நம்பியிருந்தவருக்கு அடி மேல் அடி: மூத்த பிரசைகளின் 15 லட்ச ரூபாய் வரையான வைப்புக்குக் கிடைத்துவந்த 15 சதவீத விசேட வட்டியும் அந்த ஆண்டோடு நின்றது.

இல்லங்களைப் பொறுத்தவரை இரு நாட்டிலும் அரசு தருவது வறியவருக்கான கூரை. இந்தியச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி அமைக்கச் சொல்கிறது. வடமாகாணத்தில் கைதடி அரச முதியோர் இல்லம் இருக்கிறது. மறதி நோய்க்கென்று தனியாகக் கவனிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான்: கேரளத்தில் 1992இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ., சென்னையில் ஸ்கார்ஃப், கொழும்பு மருதானைப் பக்கம் 2001 முதல் இயங்கும் லங்கா அல்சைமர் நிறுவனம். கடைசியில் சொன்னது பகல்நேர மையத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. பகலில் நான்கு மணி நேரம் அம்மாவை யாராவது பார்த்துக்கொண்டால், ஹோம் என்ற பேச்சே கொஞ்ச காலம் தள்ளிப்போகும். ஏனோ நம் பக்கத்தில் கட்டில் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம், சண்டையெல்லாம் அங்கேதான். பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு வீட்டை எழுதிவைப்பது இரு கரைக்கும் பொது. யாழ்ப்பாணத்து நொத்தாரிசு நன்கொடை உறுதி எழுதும்போது 'சீவிய உரித்து' ஒன்றை ஒதுக்கி எழுதுவார்: உறுதி மகளுக்கு, ஆயுள் உள்ளவரை அனுபவம் தாய்க்கு. மறதி வந்த பிறகும் அந்த வரி அவரைக் காப்பாற்றும். வாடகை வந்தால் அது அவருடையது, அவரை வெளியேற்றவும் முடியாது. எழுதிக் கொடுத்ததை மீட்க வேண்டுமானால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பிள்ளையின் பாரதூரமான நன்றிகேட்டை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும்.

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கம் நிலத்தைத் தானமாக எழுதுகிறவர்களுக்குப் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிய பிள்ளை பராமரிக்காவிட்டால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 2ஆம் தேதி வந்த தீர்ப்பு, முதியோருக்குச் சாதகமாகவே இச்சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று தளர்த்தியது. ஆனால் மனுப் போடுவது யார்? முதியவரால் இயலாதபோது, 'அவர் அதிகாரம் அளித்த' வேறொருவர் போடலாம் என்கிறது சட்டம். அதிகாரம் அளிக்கவும் நினைவு வேண்டுமே! நல்ல வேளையாக, தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது.

தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவருக்கே மறதி நோய் என்றால்? 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்: கணவர் சித்தம் கலங்கியவராக இருந்தால் மாவட்ட நீதிமன்றமே அனுமதி தரலாம். நூறு வருடம் தாண்டிய சட்டம் முன்னே நிற்க, 2017இல் எழுதிய இந்தியச் சட்டம் பின்னே நிற்பது வேடிக்கைதான்.

ஆண்டுக்கொரு முறை இரு நாட்டு ஓய்வூதியர்களும் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் நவம்பர் மாதம். 2014 முதல் கைரேகை வைத்தே செய்யலாம், தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வருகிறார். அம்மா கையை இறுக்கி மூடிக்கொண்டால் என்ன செய்வது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. இலங்கையில் கிராம அலுவலர், முதியவர்கள் வாயில் இன்னும் 'விதானையார்', ஆளைத் தெரிந்து உறுதிப்படுத்துகிறார். புதுச்சேரிக்கு மட்டும் மூன்றாவது வகை ஒன்று உண்டு: பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள். அவர்களின் உயிர்ச்சான்று பிரான்சுக்குப் போகிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தன் பணத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமித்துவைக்கும் பத்திரத்தை பிரெஞ்சுச் சட்டம் 2009 முதல் அனுமதிக்கிறது. அந்தத் தாளை உள்ளூர் வங்கியில் நீட்டினால் மேலாளர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.

பிள்ளைச்சாவடி வீட்டு மகளுக்கு இந்தப் பத்திரம் எதுவும் உடனே உதவாது. அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அம்மாவைப் பழைய தெருக்களில் கூட்டிக்கொண்டு நடப்பது. கேட்டால் அம்மாவுக்குக் கணக்கு வராது. வீட்டு வாசலைப் பார்த்தால் வரும். "இந்த வூட்டுக்காரி சங்கரா மீனுதான் கேப்பா, முந்நூறு தரணும்." மகள் எழுதிக்கொள்கிறாள். உள்ளேயிருந்து வந்த பெண், போன மாதமே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். கொஞ்சம் நின்று, இருநூறு ரூபாயை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைக்கிறாள். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த வாசலுக்கு நடக்கிறார்.