சமஉயரக் கோடுகளும் சமவெளியின் சரிவும்

இரு மாறிகளைச் சார்ந்த ஒரு சார்பில், ஒரு மாறியை மாறாமல் நிறுத்தி மற்றொன்றை மட்டும் நகர்த்தும்போது மதிப்பு மாறும் வீதம் பகுதி வகைக்கெழு எனப்படும். சூத்திரம் எதுவுமின்றி, ஒரே உயரமுள்ள புள்ளிகளை இணைக்கும் சமஉயரக் கோடுகளிலிருந்தே இவ்வீதத்தைக் கணிக்கும் பயிற்சி, நுண்கணித வகுப்புகளில் பரவலாக மேற்கொள்ளப்படுகிறது. அதன் தகுதியையும் எல்லையையும் எடைபோட, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அமைந்துள்ள சென்னையின் மேற்குச் சமவெளி ஏற்ற களமாகும்.

முறை எளியது. 40 மீட்டர் கோட்டிலிருந்து நேர்கிழக்கே 8 கிலோமீட்டர் சென்றால்தான் அடுத்ததான 20 மீட்டர் கோடு வருகிறது என்று கொண்டால், கிழக்குத் திசைக்கான பகுதி வகைக்கெழு ஏறத்தாழ கிலோமீட்டருக்கு −2.5 மீட்டர் ஆகும். குறைக்குறி, நிலம் கிழக்கே தாழ்வதைக் குறிக்கிறது. கோடு கிழக்கு மேற்காகவே ஓடும் இடத்தில் அவ்வகைக்கெழு சுழியம் என்பதும், மிகச் செங்குத்தான சரிவு கோட்டுக்குச் செங்குத்தாகவே அமையும் என்பதும் கணக்கின்றியே கண்ணுக்குப் புலப்படுகின்றன. குறியீடுகளைக் கையாளும் பழக்கம் மட்டுமே உள்ள மாணவருக்கு எளிதில் வாய்க்காத இந்த வடிவப் புரிதலே இம்முறையின் முதன்மையான பலம்.

குறை, முறையின் அடித்தளத்திலேயே உள்ளது. வரையறைப்படி தொலைவு சுழியத்தை நோக்கிச் சுருங்க வேண்டும்; படத்திலோ உயர வேறுபாடு முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், தொலைவை நிலத்தின் சரிவே முடிவுசெய்கிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவை வரைபடங்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு உள்ளது. ஏற்காட்டு மலைச்சரிவில் இவ்வேறுபாடு குறுகிய தொலைவிலேயே ஏற்பட்டுவிடுவதால் விடை உண்மைக்கு நெருங்குகிறது. ஆவடியைப் போன்ற சமவெளியில் அது பல கிலோமீட்டருக்கு நீள்வதால், கிடைப்பது ஒரு புள்ளியின் வகைக்கெழு அன்று, ஒரு வட்டாரத்தின் சராசரிச் சரிவு மட்டுமே.

எடுத்துக்காட்டாக, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் முழு நீர்மட்டம் 24 அடி, அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர். இவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தின் ஆழமே இரு கோடுகளுக்கிடையிலான உயர வேறுபாட்டைவிடக் குறைவு என்றால், ஏரிக்கரையின் ஏற்ற இறக்கத்தில் வகைக்கெழுவின் குறி மாறுவதைப் படம் காட்டாமல் போவதில் வியப்பில்லை. மழைநீரோ சராசரியைப் பின்பற்றுவதில்லை. அந்தந்த இடத்துச் சரிவின்படியே ஓடுகிறது. எனவே, இத்தகைய படத்தில் கணித்த எண்ணைக் கொண்டு ஒரு தெருவின் வடிகாலைத் திட்டமிடுவது பிழையாக முடியும். அளவெடுக்காமல் இடைக்கோடுகளைச் சேர்ப்பதும் தீர்வாகாது. அவை வரைந்தவரின் ஊகத்தையே துல்லியம் போல் காட்டும்.

ஆகவே கைவிட வேண்டியது இம்முறையை அன்று, அதன் விடையை ஒற்றை எண்ணாக எழுதும் வழக்கத்தையே. எந்த இரு கோடுகளுக்கிடையே, எவ்வளவு தொலைவில் கணிக்கப்பட்டது என்பதையும் மாணவர் விடையோடு சேர்த்து எழுதப் பழகினால், அந்த எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதும் அவ்விடையிலேயே விளங்கும்.