வால்டன் குளமும் தோரோவின் தனிமையும்

தனிமையை நாடுவோன் உலகை வெறுத்தவனா, உலகை அறிய விழைந்தவனா? இயற்கையைப் போற்றும் இலக்கியங்கள் அனைத்தையும் நோக்கி எழுப்பத்தக்க வினா இது. அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வால்டன்’ என்னும் நூலை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம்.

1845ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், கொன்கோட் என்னும் ஊரை அடுத்த வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனுக்குரிய நிலத்தில், தாமே அமைத்த சிறு குடிலிற் குடிபுகுந்தார் தோரோ. இரண்டாண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கு வாழ்ந்தார். குடிலுக்கான செலவு 28 டொலரும் 12½ சதமும் எனக் கணக்கும் எழுதிவைத்தார்.

ஊர் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தது. அவர் அடிக்கடி அங்குச் சென்றுவந்தார். ஆதலின் அது பொய்த்தனிமை என்பர் சிலர். யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. நூலின் அமைப்பை ஊன்றி நோக்கியபின் அவ்வெண்ணம் மாறிற்று. தனிமை பற்றிய இயலை அடுத்து நிற்பது விருந்தினர் பற்றிய இயல். ஊருக்குச் சென்றுவந்தமை கூறவும் ஓர் இயல் உண்டு. அவர் எதனையும் மறைத்தாரல்லர்.

அக்குளத்துக்கு அடியே இல்லையென ஊரார் பலர் நம்பினர். தோரோ கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி, மிக ஆழமான இடம் 102 அடி எனக் கண்டார். கண்டபின்னும் வியப்புக் குன்றாது, குளத்தை ஆழ்ந்த உள்ளத்துக்குக் குறியீடாக்கினார். அளந்தறிந்தபின்னும் எஞ்சி நிற்கும் வியப்பே மெய்யான ஆன்மிகச் சிந்தனை என்பது எம் துணிபு.

அதே இயலில், அக்குளத்துப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னை, கல்கத்தா வரை செல்வதை நினைந்து, தாம் காலையிற் பயிலும் பகவத்கீதையையும் போற்றுகின்றார். இதனைப் படித்து நாம் பெருமிதங் கொள்ளுதல் எளிது. ஆயினும் கீதை போர்க்களத்திற் பிறந்தது. கடமையைக் கைவிடச் சொல்லாதது. குடிலில் வாழ்ந்த காலத்திலேயே, 1846ஆம் ஆண்டில், அடிமை முறையைப் பேணிய அரசுக்கு வரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிருந்தவர் தோரோ. அவர்தம் கீதைப் பயிற்சிக்கு அச்செயலே தக்க விளக்கவுரை.

குறையும் உண்டு. மனைவி மக்களோடு வருந்தும் ஐரிஷ் தொழிலாளி ஒருவனுக்கு எளிய வாழ்வைப் போதிக்குமிடத்து, குடும்பச் சுமையறியாத் தனியரின் குரலே ஒலிக்கின்றது. அவ்விடத்து அறிவு மிகுகின்றது; அருள் குறைகின்றது.

எனினும் தோரோ குளக்கரையிலேயே தங்கிவிடவில்லை. 1847ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஊர் திரும்பினார். சென்றமைக்குக் காரணம் தேடும் மாணவர், மீண்டமைக்கும் காரணம் தேடுவாராக. தனிமை தங்குமிடம் ஆகாது, பயிலுமிடம் ஆதலை அப்பொழுது உணர்வர்.