பதினோராவது பருவம்

பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. காப்பில் ஆரம்பித்து, செங்கீரை, தால், சப்பாணி என்று போய், ஆண் குழந்தையானால் சிறுதேரில் முடியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடிய நாள் முதல் இந்த வரிசையில் பெரிய மாறுதல் இல்லை. குழந்தை தலை நிமிர்ந்து ஆடுகிறது, கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது. அதனோடு விளையாட நிலவைக் கூப்பிடுகிறார்கள். பெற்றவளை அந்த நாட்களில் அதிகமாகப் பாடுபடுத்துகிற காரியம் எதுவோ, அதற்கு மட்டும் பருவம் கிடையாது. பையனை ‘ஆய்’ போகப் பழக்குகிற காரியத்தைத்தான் சொல்கிறேன். இதைப் படித்து முகம் சுளிக்கிற வாசகர் பெரும்பாலும் ஒரு தடவைகூடக் கால் கழுவி விடாத தகப்பனாராகத்தான் இருப்பார்.

தமிழுக்கு இந்தக் கூச்சம் ஆதியிலேயே இருந்தது என்று சொல்ல முடியாது. ஒட்டக்கூத்தருக்கு முந்தியவர் பெரியாழ்வார். அவருடைய தளர்நடைப் பதிகத்தில் கண்ணன் தத்தித் தத்தி வருகிறான். நெற்றிச் சுட்டி அசைகிறது. நடக்க நடக்கச் சிறுநீர் துளித்துளியாகச் சொட்டுகிறது. ஆழ்வார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை; கங்கையைவிடப் பெரிய தீர்த்தபலன் தரும் நீர் அது என்கிறார். பக்தி என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்த கண் அது. பிள்ளைத்தமிழ் அரசனைப் பாடப் போன இடத்தில் இந்தத் துளிகள் உலர்ந்துவிட்டன என்று நினைக்கிறேன். சக்கரவர்த்தியை ஈரத்தோடு எப்படிப் பாடுவது?

ஆனால் பெரியாழ்வாரும் கசிவைத்தான் கொண்டாடினார், பழக்கத்தைப் பாடவில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது? அம்மாவோ பாட்டியோ தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பீடம் மாதிரி வைத்து, அதன் மேல் பிள்ளையை உட்கார்த்துகிறாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அரைஞாண் கயிற்றைத் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாத பையன் காக்கையைப் பார்த்துக்கொண்டு யோசனையில் இருப்பான். வந்தால் சிரிப்பு, வராவிட்டால் இன்னொரு காக்கை. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல சம்பாஷணைக் கட்டம் எங்கே கிடைக்கும்? பாட்டிக்கும் மருமகளுக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் நடக்கிற பேச்சிலேயே ஒரு குடும்பத்தின் கதை அடங்கிவிடும்.

பிராய்டு 1908ல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒழுங்கு, கருமித்தனம், பிடிவாதம் மூன்றையும் இந்தப் பருவத்தோடு முடிச்சுப் போட்டார். நம் வீடுகளில் இவ்வளவு தாராளமாக விட்டுவிடுவதால், அந்தக் கணக்குப்படி திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு கருமிகூட இருக்கக் கூடாது. ஸுதீர் கக்கர் 1978ல் வெளியிட்ட புத்தகத்தில், இந்தியத் தாய் அவசரப்படுத்துவதில்லை, பிள்ளை தானாகவே பெரியவர்களைப் பார்த்துப் பழகுகிறான் என்கிற மாதிரி எழுதினார். உண்மைதான். ஆனால் அந்த நிதானத்துக்குக் கொல்லைப்புறமும், வீட்டில் இரண்டு மூன்று பெண்களும் வேண்டும். நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற வளவில், கதவைத் தட்டுகிறவர்களுக்கு நடுவே மனோதத்துவம் எடுபடாது. எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்குள் பழகிவிட வேண்டும் என்கிற கெடு வேறு வந்துவிட்டது.

கக்கர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்று. தாராளம் பையனுக்குத்தான். பெண் குழந்தையை, “பாவாடையை இழுத்து விட்டுக்கோடி” என்று சீக்கிரமே அடக்கிவிடுகிறோம். பையன் வாசல் சாக்கடையில் நின்றால், “ஆம்பளைப் புள்ளைதானே, விடு” என்கிறோம். அவன் பாதிப் பாடத்தோடு வளர்ந்து பெரியவனாகிறான். அவனுக்குப் பயந்துதான் நம் ஊர்ச் சுற்றுச்சுவர்களில் சாமி படம் போட்ட ஓடுகளைப் பதிக்கிறார்கள்.

நம் நாவல்களில் சீமந்தம் உண்டு, தொட்டில் உண்டு, காது குத்து உண்டு. அடுத்த அத்தியாயத்தில் பையன் காலேஜுக்குப் போய்விடுகிறான். பெருமாள்முருகன் ஒரு தொகுதிக்கே ‘பீக்கதைகள்’ என்று பெயர் வைத்தார். அந்தத் துணிச்சலுக்கு நான் மரியாதை செலுத்துகிறேன். நடுத்தரக் குடும்பக் கதையின் சுத்தமான முற்றத்தில் மட்டும் அந்த வாடை இன்னும் படவில்லை.

சின்ன விஷயம்தானே என்று கேட்கலாம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது விக்கிரவாண்டி. 2025 ஜனவரி 3ந் தேதி அங்கே ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி, பள்ளிக்கூடத்துக் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். வீட்டில் பாதத்தின் மேல் உட்கார்த்திப் பழக்கிய குழந்தையை எந்த இடத்துக்கு அனுப்புகிறோம் என்று அன்றைக்குப் பத்திரிகைகள் கேட்டன. கதை எழுதுகிறவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டுமானால் முதலில் அந்தப் பாதங்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். தொட்டியின் மூடி அதற்கு அடுத்த அத்தியாயம்.