பழவேற்காட்டில் கண்டல் நடவு: எங்கே சரி, எங்கே பிசகு

கண்டல் நட வேண்டாம் என்று சொல்ல இன்று யாருக்கும் வாய் வராது. 2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் காடுதான் கடலோர ஊர்களுக்குக் காவல் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 2023இல் ஒன்றிய அரசு கண்டல் வளர்ப்புக்கான மிஷ்டி திட்டத்தை அறிவித்தபோது நடவுக்கு வேகமும் கூடியது. நல்லதுதான். ஆனால் பழவேற்காடு ஏரியில் எந்த மரம், எந்தச் சேற்றில் என்பதைக் கேட்காமல் நட்டால் பணமும் போகும், சேறும் போகும்.

இந்த ஏரிக்குரிய மரம் வெண்கண்டல். என்றும் பசுமையானது, துளசியும் ஆலிவும் அடங்கும் தாவரப் பெருவரிசையைச் சேர்ந்தது. இலையும் ஆலிவ் இலையை நினைவூட்டும்: எதிரெதிராக அமைந்து, மேலே பளபளக்கும் பச்சை, அடியில் சாம்பல் கலந்த வெண்மை. வெயில் ஏறியதும் இலைமேல் உப்புப் பொடி பூத்து நிற்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் முனைகளைப் போலக் குத்திட்டு நிற்கும். கடலோர மேடுகளில் வளரும் உகாவுக்கும் தடித்த எதிரிலைகள்தான். அந்நாளைய தாவரவியலார் அதை ஆலிவ் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஆனால் உகா இலைக்கு இரு பக்கமும் ஒரே பச்சை, மென்றால் கடுகின் காரம். தில்லை மரத்தில் கை வைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நடவு விழாக்களுக்கு வசதியானது சுரபுன்னை. நீண்ட முளையைச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது; ஒரே காலையில் ஆயிரம் நட்டுவிடலாம், படமும் நன்றாக வரும். பிலிப்பீன்சில் பல ஆண்டுகள் இப்படிச் சுரபுன்னையைப் பொருந்தாத சேற்றில் நட்டு, பெரும்பகுதி மடிந்துபோனதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வெண்கண்டலோ பொறுமை கேட்கும். அதன் தட்டையான காய் நீரில் ஊறித் தோல் உரிந்தால்தான் மடிந்திருக்கும் விதையிலைகள் விரியும். விதையை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைக்க முடியாது. விழுந்த பருவத்திலேயே நாற்றுப்பைக்கோ சேற்றுக்கோ போயாக வேண்டும். ஆனால் உப்பைத் தாங்குவதில் அதற்கு நிகராகச் சில மரங்களே உண்டு.

நடும் முறையில் நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிச்சாவரத்தில் கூறு கூறாக மரம் வெட்டிய பழைய வழக்கத்தால் தரை பள்ளமாகி, தேங்கிய நீர் உப்பேறிக் காடு அழிந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்து, வாய்க்கால் ஓரத்தில் நாற்று வைத்தன. முதலில் நீரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மரத்துக்குப் போனதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். பராமரிப்பு அதன் பலவீனம்: தூர்வாராத வாய்க்கால் மண்மேடாகிவிடும்.

அந்த வாய்க்காலை அப்படியே பழவேற்காட்டுக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். இங்கே ஓதத்துக்கு வலு குறைவு. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது. ஏரி கடலைவிட உப்பேறும், ஆழமில்லாத இடங்கள் காய்ந்து வெடிக்கும். மழையில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றால் மூச்சுவேர்கள் மூழ்கி மரம் திணறும். வாய்க்கால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் அதில் ஓட நீர் வேண்டுமே!

மரமே வரக்கூடாத சேறும் உண்டு என்பதைத் திட்ட அறிக்கைகள் எளிதில் மறந்துவிடுகின்றன. பூநாரைகளும் உள்ளான்களும் இரை தேடுவது திறந்த சேற்றுவெளியில். பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்வியபடி இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதும் ஆழமில்லாத நீரில்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் மீன்பிடி இடங்கள் பாடு முறைப்படி ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. அதில் ஓர் இடத்தைக் கண்டல் மூடினால் அன்றைய முறைக்காரரின் பிழைப்பு போய்விடும். மறுபக்கம், இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்க வெண்கண்டல் ஓரம் தேவை என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே இடத் தேர்வைப் பாடு பேசும் ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசுவதே முறை. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிவது அங்கே யாரோ ஒருவரின் வலைக்களம்.

கணக்கு வைக்கும் விதமும் மாற வேண்டும். நட்ட நாற்றுக்குப் பதில், மூன்று கோடை தாண்டி நிற்கும் மரத்தை எண்ணினால் பாதி அறிக்கைகள் சுருங்கிப்போகும் என்பது என் கணிப்பு. கூடவே, நடவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை முகத்துவாரம் தூர்வாருவதற்குத் தரலாமே என்று கேட்டுப் பார்க்கலாம். அது வேறு துறையின் வேலை என்று பதில் வரக்கூடும். வந்தால், இரண்டு துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்கும்வரை புதிய நடவை நிறுத்திவைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.