கேரளா சொசைட்டியும் முதலியார் ஓலைகளும்: ஒரு மதிப்பீடு

வட்டார வரலாற்றுக் கழகம் ஒன்றின் பணியை மதிப்பிடும்போது, அது நடத்திய கூட்டங்களையும் வெளியிட்ட மலர்களையும் எண்ணிச் சொல்வது வழக்கம். அழியும் நிலையில் இருந்த ஆவணங்களுள் எவை அதன் முயற்சியால் பொதுமக்கள் படிக்கும் நிலைக்கு வந்தன என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல். நாஞ்சில் நாட்டின் முதலியார் ஓலைகள் இதற்கு நல்ல சான்று.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளே நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் பகுதியாகவும், பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தது. அழகியபாண்டியபுரத்தில் வாழ்ந்த பெரியவீட்டு முதலியார் குடும்பத்துக்கு இவ்வட்டார நிர்வாகத்தில் பெரும் பங்கு உண்டு. வரி, நிலம், பாசனம், கோயில் தொடர்பான ஓலைகள் அவ்வீட்டில் சேர்ந்தன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) அவற்றைப் படித்து நகலெடுத்தார். குழந்தைப் பாடல்களால் அறியப்பட்ட கவிமணி, கல்வெட்டும் ஓலையும் படித்த ஆய்வாளர் என்பதை மாணவர் பலர் அறிவதில்லை.

அவரைப் போன்றோரின் ஆய்வுக்கு இடம் தந்தது திருவனந்தபுரத்தில் இயங்கிய கேரளா சொசைட்டி. டி. கே. ஜோசப்பைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1928 முதல் 1932 வரை அது ‘கேரளா சொசைட்டி பேப்பர்ஸ்’ என்ற ஆய்விதழை வெளியிட்டது. இதன் சிறப்பு, கருத்தைச் சொல்வதோடு நில்லாமல் மூல ஆவணத்தையும் அச்சில் தந்ததே. கருத்து பின்னாளில் தவறென்று தெரிந்தாலும் மூலம் நிலைக்கும். அடுத்து வருபவர் அதை மீண்டும் ஆராயலாம். அரசின் தொல்லியல் துறை கல்வெட்டையும் செப்பேட்டையுமே பெரிதும் கவனித்த காலத்தில், ஒரு வீட்டு ஓலைக்கும் வரலாற்று மதிப்பு உண்டென்று இவ்விதழ் காட்டியது.

குறையும் சொல்ல வேண்டும். ஓலைகள் தமிழில் இருந்தன. அவற்றைப் பற்றிய விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. ஆகவே தங்கள் ஊரைப் பற்றிய செய்தி, அவ்வூர் மக்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. இதழும் சில ஆண்டுகளே வெளிவந்தது. பின்னாளில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ. கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்ற தமிழ் நூலாக இவற்றைக் கொண்டுவந்தார். ஒரு கழகம் தொடங்கிய பணியைத் தனிமனிதர் ஒருவர் நெடுங்காலம் கழித்துத் தொடர நேர்ந்தது.

தமிழ்ப் பதிப்பு எவ்வளவு தேவை என்பது அடிமை ஆவணங்களைப் படிக்கும்போது விளங்கும். மனிதரை விலைக்கு விற்றதற்கும் வாங்கியதற்குமான ஓலைகள் இத்தொகுப்பில் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. நெல்வயலும் குளமும் நிறைந்த நாஞ்சில் நாட்டின் செழிப்பைப் பேசும் நாம், அந்த வயலில் உழைத்தவர் விற்கப்பட்டதையும் பேசியாக வேண்டும். ஊர்ப்பெருமைக்கும் சாதிப்பெருமைக்கும் எழுதப்படும் மலர்களில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறாது. பெருமைக்கு உதவாத ஓலையையும் காத்து அச்சிடும் கழகமே வரலாற்றைக் காக்கிறது.

இன்று பணி மிச்சமிருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் பழைய பதிவேடுகள் திருவனந்தபுரத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கக் குமரி மாவட்ட மாணவர் மாநில எல்லை கடந்து செல்ல வேண்டும், மலையாள எழுத்தும் அறிய வேண்டும். பழைய ஓலைகளில் கொல்லம் ஆண்டே காணப்படும். மாதத்துக்கு ஏற்ப 824 அல்லது 825 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். இத்தகைய பயிற்சியைப் பள்ளி, கல்லூரி மாணவருக்கு அளிப்பது வரலாற்றுக் கழகங்களின் முதல் கடமை. வீடுகளில் உள்ள விலையோலை, ஒற்றியோலை, கோயில் கணக்கு ஆகியவற்றை உரியவரிடமே விட்டுவிட்டு, படமெடுத்து, எழுத்துப்பெயர்த்து, எவரும் படிக்கும்படி வெளியிடலாம். கேரளா சொசைட்டியிடம் இருந்த ஒழுங்கும், அ. கா. பெருமாள் பதிப்பில் உள்ள தமிழும் சேர்ந்தால் நாஞ்சில் நாட்டு வரலாறு அதன் மக்களிடமே வந்து சேரும்.